மஞ்சள் தண்ணீரும் மந்திரியின் விரலும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு தேசத்தை, வச்சிரசேனர் என்ற மன்னர் ஆண்டு வந்தார். பகைவர்கள் அவரைக் கண்டால் நடுங்குவார்கள். அவரோ தம் ஏழு வயதுப் பேத்தி பூங்கோதையைக் கண்டால் நடுங்குவார். தாத்தா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அவள், இங்கே பொழுதே போகவில்லை, அடுத்த வருஷம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மன்னருக்குச் சோறு இறங்கவில்லை.

பாம்பாட்டியை வரவழைத்தார்கள், குழந்தை அழுதது. கழைக்கூத்தாடி வந்தான், குழந்தை தூங்கிவிட்டது. கடைசியில் மன்னர் அரண்மனை விகடன் அம்பலவாணனை அழைத்தார்.

"நாளை சபையில் என் பேத்திக்கு ஓர் அதிசயம் காட்டும். அடுக்களைச் சாமான்கள் மட்டும்தான். 'இன்னொரு தடவை' என்று அவள் கேட்டால் உமக்குப் பரிசு. கேட்காவிட்டால் நீர் மூட்டையைக் கட்டலாம்."

தட்டில் வைத்ததைத் தவிர வேறெதையும் அவன் தொடக்கூடாது என்று மந்திரி பரகாலர் ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டார். அம்பலவாணன் பேசினால் மன்னர் சிரிப்பார், பரகாலர் பேசினால் மன்னர் தூங்குவார். மந்திரிக்கு அந்த வயிற்றெரிச்சல்.

மறுநாள் அம்பலவாணன் இரண்டு கிண்ணங்களில் மஞ்சள் கரைத்த தண்ணீர், ஓர் எலுமிச்சம்பழம், ஒரு சுண்ணாம்புச் சிமிழ் எல்லாவற்றையும் தட்டில் வைத்துத் துணியால் மூடி அனுப்பினான். சபையில் துணியை எடுத்தான். சிமிழைக் காணோம். அது இல்லாமல் வித்தையே இல்லை. கட்ட வேண்டிய மூட்டையில் என்னென்ன இருக்கும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தான். மந்திரி பரகாலர் நிம்மதியாகச் சாய்ந்தபடி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். விரலில் மிஞ்சியதைப் பாதி தூணில் தேய்த்தார், பாதி விரலிலேயே இருந்தது. அம்பலவாணனுக்கு உயிர் திரும்பி வந்தது.

"மகாராஜா, நேர்மையானவர் விரல் பட்டால் இந்தத் தண்ணீர் சிவக்கும். நான் எதையும் தொடப் போவதில்லை. இந்தச் சபையில் நேர்மையில் முதல்வர் யாரோ, அவர் வந்து விரலை நனைக்கட்டும்."

எல்லோரும் மந்திரியைப் பார்த்தார்கள். மாட்டேன் என்றால் மானம் போகும். சிமிழ்தான் நம்மிடம் இருக்கிறதே, என்ன ஆகிவிடும் என்று பரகாலர் விரலை விட்டுக் கலக்கினார். மஞ்சள் தண்ணீர் குங்குமம் கரைத்தது போலச் சிவந்தது.

பூங்கோதை எழுந்து குதித்தாள். "இன்னொரு தடவை, மாமா!"

பரகாலருக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, இது நேர்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். அதனால்தானே நான் அந்தச் சிமிழை..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சபை கொல்லென்று சிரித்தது.

பூங்கோதைக்கு அந்தச் சிரிப்பெல்லாம் காதில் விழவில்லை. இரண்டாவது கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேரே சிம்மாசனத்துக்குப் போனாள்.

"தாத்தா, நீங்க விரலை விடுங்க."

மன்னர் கையைப் பின்னால் மறைத்தார். பல்வலிக்காக வெற்றிலையே கூடாது என்று வைத்தியர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. தொடவே மாட்டேன் என்று மகாராணியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் அவர். பேத்தி விடுவாளா? கையைப் பிடித்து இழுத்து முக்கினாள். தண்ணீர் சிவந்தது.

"ஐயையோ தாத்தா, வெத்தலை போடக் கூடாதுன்னு பாட்டி சொன்னாங்கல்ல!"

அந்த நேரம் பார்த்து அந்தப்புரத்துப் பக்கம் கொலுசுச் சத்தம் கேட்டது. ஏழு போர்க்களம் கண்ட மன்னருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அம்பலவாணா," என்றார் மெல்லிய குரலில்.

அவன் பழத்தை நறுக்கிக் கிண்ணத்தில் நன்றாகப் பிழிந்தான். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. மிச்சத் தோலால் மன்னர் விரலையும் தேய்த்துவிட்டான். மகாராணி எட்டிப் பார்த்தார். தாத்தாவும் பேத்தியும் மஞ்சள் தண்ணீர் வைத்துச் சமர்த்தாக விளையாடுவதைக் கண்டு மகிழ்ந்து திரும்பிப் போனார். பூங்கோதை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கொலுசுச் சத்தம் ஓய்ந்ததும் மன்னர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். குழந்தை ஊருக்குப் போகிறவரை அவளுக்கு மஞ்சள் கரைத்துக் கொடுக்கும் வேலை பரகாலருக்குக் கிடைத்தது. அடுத்த வருஷமும் வருவேன் என்று பூங்கோதை தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மன்னர் தம் கைக்காப்பைக் கழற்றி அம்பலவாணனுக்குப் போட்டுவிட்டு, அவன் காதோரம் குனிந்து ஓர் உத்தரவும் போட்டார்.

"இனிமேல் சபைக்கு வரும்போது மடியில் ஓர் எலுமிச்சம்பழம் எப்போதும் இருக்கட்டும்."