எங்கே கொண்டுபோறீங்கய்யா?

நகராட்சி அதிகாரி தில்லைநாயகம் ஜீப்பில் வந்து இறங்கினால் தெருவில் யாருக்கோ வம்பு என்று அர்த்தம். அன்றைக்கு அது இஸ்திரிக்கார வேதவல்லிக்கு. வெளிநாடு போன எதிர்வீட்டுக்காரர் இரண்டு வருஷம் முன்பு விட்டுப்போன ராட்வீலர் நாயை அவள்தான் சோறு போட்டு வளர்த்துவந்தாள்.

"இது ஆபத்தான ஜாதி நாய். வளர்க்கக்கூடாது, விற்கக்கூடாது, யாருக்கும் கொடுக்கவும்கூடாதுன்னு அரசாங்க உத்தரவு வந்திருக்கு," என்று காகிதத்தை ஆட்டினார் அதிகாரி. "ம், கயித்தை இப்படிக் கொடு."

வேதவல்லி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். இந்த அதிகாரி தன் மாந்தோப்புக்குக் காவல் நாய் தேடுகிறார் என்று ஜீப் டிரைவர் போன வாரம்தான் அவளிடம் சொல்லியிருந்தான்.

"தர்றேங்கய்யா. ஆனா யாருக்கும் கொடுக்கக்கூடாதுன்னு நீங்களே சொல்றீங்க. நாளைக்கு என்மேல கேஸ் வந்துடக்கூடாது பாருங்க. எங்கே கொண்டுபோறீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பேனாவைத் திறந்த அதிகாரி அப்படியே நின்றார். தோப்பு என்று எழுதினால் வேலை போய்விடும். நாய்க் காப்பகம் என்று எழுதலாமென்றால் அந்த ஊரில் காப்பகமே கிடையாது.

"ஏற்கெனவே வளர்க்கிறவங்களுக்கு அந்தக் காகிதத்துல ஒண்ணும் போடலீங்களாய்யா?" என்று வேதவல்லியே கேட்டாள்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அதுவரை வாசிக்காத கடைசி வரியை முனகலாக வாசித்தார். "லைசென்ஸ் எடுத்து, கருத்தடை செஞ்சு, வாய்ப்பூட்டு மாட்டி வெச்சுக்கலாம்."

"அந்த லைசென்ஸ் ஃபாரத்தைக் கொடுங்க, இப்பவே எழுதித் தர்றேன்," என்றாள் வேதவல்லி.

ஜீப் கிளம்பும்போது குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"தோப்புக்கு நாட்டு நாயாப் பாருங்கய்யா. அதுக்குத் தடையில்லீங்க."

டிரைவர் சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.