கவிழ்ந்த படகும் நகர்ந்த சிம்மாசனமும்

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றை மகுடதேவன் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருடைய மீசையைச் சீவிவிட இரண்டு ஆள், அது காற்றில் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ள இன்னும் இரண்டு ஆள். மிகையாகச் சொல்வதாக நினைப்பவர்கள் அந்த மீசையைப் பார்க்காதவர்கள்.

அவர் சபையில் ஒரு சம்பிரதாயம் உண்டு. வாசலுக்குள் காலை வைத்தவர் யாரானாலும் முதலில் ராஜாவை நோக்கி நேராக நடக்க வேண்டும். கும்பிட்ட பிறகுதான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பலாம். இதனால் அதிகம் கஷ்டப்பட்டவன் அரண்மனை விகடகவி தத்தன். சமையற்கட்டு வாசலுக்கு வலது கைப் பக்கம். சிம்மாசனமோ எதிரே தொலைதூரத்தில். பணியார வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். கால் ராஜாவை நோக்கி நடக்கும். கும்பிட்டுத் திரும்பி வருவதற்குள் சட்டியில் எண்ணெய்தான் மிச்சமிருக்கும்.

ஒருநாள் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. "இந்த வருஷம் கொடித் திருநாளன்று என் மகள் நித்திலவல்லிதான் விளக்கு வைக்க வேண்டும்!"

சபை திகைத்தது. இளவரசிக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. விளக்கு வைப்பதோ கணக்கு வேலை. மண்டபத் தரை முழுக்க நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் பித்தளைக் கோடுகள் பதித்திருக்கும். வாசலின் இடது மூலையில் நின்று கணித சிரோமணி அனந்தகீர்த்தி ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு எண் சொல்வார். முதல் எண்ணுக்கு வலப்பக்கம் அத்தனை கோடு நகர வேண்டும். இரண்டாவது எண்ணுக்கு முன்னோக்கி அத்தனை கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விளக்கு. எல்லாம் வைத்து முடித்தால், பாய்மரத்தோடு ஒரு படகு சுடர்விடும். அந்த வம்சத்தின் முதல் ராஜா வந்து இறங்கிய படகு அது.

அனந்தகீர்த்தியின் தலைப்பாகை எத்தனை பெரியதென்றால், அது சபைக்குள் வந்து அரை நாழிகை கழித்துத்தான் அவர் வருவார். அவர் ஒத்திகையைத் தொடங்கினார்.

"ஐந்து, இரண்டு!"

குழந்தை விளக்கை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு முன்னோக்கி ஐந்து கோடு நடந்தது. அப்பாவைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்துத் தலை குனிந்தது. பிறகு வலப்பக்கம் இரண்டு கோடு போய் விளக்கை வைத்தது.

"தவறு! மறுபடியும்!"

மறுபடியும் அதேதான். கடைசி விளக்கு வைத்தபோது படகு ஒருக்களித்து விழுந்து கிடந்தது. பாய்மரம் சமையற்கட்டை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

அனந்தகீர்த்தி நெஞ்சில் கை வைத்தார். "மகாராஜா! கவிழ்ந்த படகு! ஊர் கூடி நிற்கும்போது இது நேர்ந்தால் எத்தனை பெரிய அபசகுனம்! மலைமேல் என் தமையனாரின் குருகுலம் இருக்கிறது. இளவரசியார் சில வருஷங்கள் அங்கே தங்கிப் பயிலட்டும்."

குழந்தையின் உதடு பிதுங்கியது. ராஜாவின் மீசை தொங்கிப்போனது. தத்தன் அவசரமாக முன்னே வந்தான். இந்த முறை பணியாரத்துக்காக அல்ல.

"மகாராஜா, திருநாள்வரை பொறுத்தருள வேண்டும். இளவரசியார் படகை நிமிர்த்திவிடுவார். அதற்கு நான் பொறுப்பு" என்றான்.

அனந்தகீர்த்திக்கு வாயெல்லாம் பல். விகடகவியை அரண்மனையைவிட்டு அனுப்பப் பல வருஷமாக அவர் காத்திருந்த வாய்ப்பு அல்லவா! "நல்லது. ஆனால் விகடகவி குழந்தைக்கு ஒரு சொல்லும் கற்பிக்கக் கூடாது. கோட்டைத் தொடக் கூடாது. எண்ணை மாற்றக் கூடாது. படகு கவிழ்ந்தால் இவரும் மலைக்குப் போய்ப் பாத்திரம் துலக்கட்டும். சம்மதமா?"

"பாத்திரத்தில் ஏதாவது ஒட்டியிருக்குமா?" என்று கேட்டுவிட்டுத் தத்தன் சம்மதித்தான்.

சம்மதித்துவிட்டானே தவிர, வழி ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் ராஜா உறங்கும் நேரத்தில், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தான். காலியான சிம்மாசனத்துக்கு எதிரே நித்திலவல்லி தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். "ஐந்து, இரண்டு" என்று அனந்தகீர்த்தியைப் போலவே மூக்கால் சொன்னாள். வலப்பக்கம் ஐந்து. முன்னோக்கி இரண்டு. ஒரு புளியங்கொட்டையை வைத்தாள். அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும் சரி! தரையில் குட்டிப் படகு ஒன்று நிமிர்ந்து நின்றது.

தத்தன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அம்மாடி, நேத்து மட்டும் ஏன் மாத்தி நடந்தீங்க?"

"நேத்து அப்பா இருந்தாங்களே!" அவள் கண்கள் நிறைந்தன. "அப்பா எதிர்ல இருக்கும்போது, அவங்கள விட்டுட்டு நான் எப்படி அந்தப் பக்கம் போறது, தத்தன் மாமா? முதல்ல அப்பாகிட்டதானே போகணும்?"

விகடம் பேசியே வயிறு வளர்த்த அந்த மனிதன் மேல்துண்டால் அவள் முகத்தைத் துடைத்தான். பிறகு தன் முகத்தையும்.

கொடித் திருநாள் வந்தது. கூட்டம் என்றால் கூட்டம்! பாதி ஊர் மண்டப வாசலில் நிற்க, மீதிப் பாதி அவர்கள் தோளில் நின்றது. சிம்மாசனத்தில் அமரப்போன ராஜாவின் முன் தத்தன் கைகட்டி நின்றான்.

"மகாராஜா, இன்று மட்டும் சிம்மாசனத்தைச் சமையற்கட்டு ஓரமாகப் போட உத்தரவிட வேண்டும்."

"எதற்கு?"

"பணியாரம் சூடாக வரும்."

ராஜாவுக்கு அந்தக் காரணமே போதுமாயிருந்தது. யானைகளைக் கொண்டு சிம்மாசனத்தை இழுத்து வலப்பக்கம் போட்டார்கள். அனந்தகீர்த்தி மூலையில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஐந்து, இரண்டு!"

நித்திலவல்லி விளக்கை எடுத்தாள்; அப்பா எங்கே என்று பார்த்தாள். அதோ, வலப்பக்கம்! அவரை நோக்கி ஐந்து கோடு நடந்து, பொக்கை வாயால் சிரித்துத் தலை குனிந்தாள். பிறகு இரண்டு கோடு முன்னோக்கிப் போய் விளக்கை வைத்தாள். ஒவ்வொரு விளக்குக்கும் அதே நடை, அதே சிரிப்பு. கடைசிச் சுடர் எரிந்ததும் வாசலில் நின்ற கூட்டம் கூரை அதிரக் கத்தியது: "படகு! படகு!"

அனந்தகீர்த்திக்கு முகம் வெளுத்தது. ஓட்டமாக ஓடி ராஜாவின் பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் கண் மின்னியது. "மகாராஜா! தங்கள் திருக்கண்ணாலேயே பாருங்கள். பாய்மரம் படுத்துக் கிடக்கிறது! கவிழ்ந்த படகு!"

ராஜா பார்த்தார். அவர் இருந்த இடத்திலிருந்து படகு ஒருக்களித்துத்தான் தெரிந்தது. குழந்தையின் சிரிப்பு நின்றுபோனது.

தத்தன் முன்னே வந்தான். "மகாராஜா, பழைய இடத்தில் அமர்ந்து இத்தனை வருஷமாகப் பார்த்தீர்களே, அப்போது அந்தப் படகு எப்படித் தெரிந்தது?"

ராஜா மீசையைத் தடவினார். "படகா? எந்தப் படகு? வருஷாவருஷம் குடை அல்லவா வைத்தார்கள்? என் வெண்கொற்றக் குடை! ஒத்திகையன்று இவர் படகு படகு என்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராஜாவாயிற்றே, கேட்க வெட்கமாக இருந்தது."

"அது தலைகீழாகத் தெரிந்த படகு, மகாராஜா. மேலே அடிப்பாகம், கீழே பாய்மரம். குடையும் காம்பும் போலத்தான் இருக்கும். தங்கள் பாட்டனாரும் அப்படித்தான் பார்த்திருப்பார். முழுக்கக் கவிழ்ந்த படகைப் பரம்பரையாகப் பார்த்தும் நாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் குழந்தைக்கு ஒரு சொல் கற்பிக்கவில்லை. கோட்டையும் எண்ணையும் தொடவில்லை. தங்களை மட்டும்தான் நகர்த்தினேன். இளவரசியாரின் கணக்கில் பிழை இருந்ததே இல்லை. முதலில் அப்பாவிடம் போக வேண்டும் என்று நினைக்கிற குழந்தை அது."

ராஜா எழுந்தார், சிம்மாசனத்தைவிட்டு இறங்கி, மகள் நின்ற வாசல் மூலைக்குப் போய் அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார்.

"அடடே! படகேதான்!"

சிரித்தார் பாருங்கள், ஒரு சிரிப்பு! மீசைக்கென்று நின்ற நால்வரும் நாலு திசையில் போய் விழுந்தார்கள். அனந்தகீர்த்தியின் தலைப்பாகை அவிழ்ந்து வாசல்வரை ஓடியது. விளக்குகள் அத்தனையும் ஒரே மூச்சில் அணைந்தன. சிரித்து முடித்து, தன் முத்துமாலையைக் கழற்றித் தத்தன் கழுத்தில் போட்டார். போதாதென்று, வாசலிலிருந்து நேரே சமையற்கட்டுக்கு நடக்கும் உரிமையையும் ஆயுள்வரைக்கும் கொடுத்தார். முத்துமாலையைத் தடவிக்கூடப் பார்க்காமல் தத்தன் அந்த உரிமையை உடனே பயன்படுத்தினான்.

அணைந்த விளக்குகளைத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. நித்திலவல்லி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"அப்பா, இப்ப நீங்க என் பக்கத்துலயே இருக்கீங்களே. நான் எந்தப் பக்கம் நடக்கறது?"

ராஜா அவளுடைய சின்ன விரலைப் பிடித்துக்கொண்டார். "எண் சொல்லும் பக்கம் நட, கண்ணே. நானும் கூட வருகிறேன்."

வலப்பக்கம் ஐந்து கோடு, முன்னோக்கி இரண்டு. கையில் சூடான பணியாரத்தோடு சமையற்கட்டு வாசலில் நின்ற தத்தன், அதைக் கடிக்க மறந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.