பின்டனின் கல்யாண பூட்ஸ்

பின்டன் அயர்லாந்துக்காரன். அவன் கிராமத்தில் அந்தக் காலத்தில் பூட்ஸ் வைத்திருந்தவர்கள் அதைக் கையில்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். மாதாகோயிலுக்குப் பக்கத்து ஓடையில் காலைக் கழுவி, அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். தேய்மானம் மிச்சம் பாருங்கள்.

பின்டனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணின் அப்பா கறாரான ஆள்.

"கோயில் மணி ஓயறதுக்குள்ள பூட்ஸோட வந்து நிக்கணும். வெறுங்கால் மாப்பிள்ளைக்கு என் பொண்ணு கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

கல்யாணப் பெண் பிரிஜிட் என்றால் பின்டனுக்கு உயிர். அன்றே பூட்ஸ் தைக்கக் கொடுத்தான். தைத்தவர் சும்மா இருக்காமல் யோசனையும் சொன்னார்: "கோயில் கண்ணுல பட்டதும் மாட்டு. மறைஞ்சதும் கழட்டு. நாள்பட உழைக்கும்."

கல்யாணத்தன்று பின்டனும் தம்பிகள் டார்பியும் லோர்கனும் வாசற்கதவைத் திறந்தார்கள். இரண்டு மைல் தள்ளிக் குன்றின் மேல் கோயில் பளிச்சென்று தெரிந்தது.

"இப்பவே மாட்டினா ரெண்டு மைல் தேயுமே அண்ணே!" என்றான் டார்பி.

"மாட்டலேன்னா தைச்சவர் சொன்ன பேச்சை மீறினதா ஆயிடுமேடா" என்றான் பின்டன்.

லோர்கன் தாடையைச் சொறிந்தான். "முதுகைக் காட்டிக்கிட்டே போனா கோயில் எப்படிக் கண்ணுல படும்?"

சட்டென்று கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு, மூவரும் பின்பக்கமாகவே நடந்தார்கள். வேலியில் விழுந்தார்கள். ஒரு பன்றியின் மேல் உட்கார்ந்து எழுந்தார்கள். ஓடையில் மல்லாந்தார்கள், கால் கழுவுகிற வேலை அதிலேயே முடிந்தது. அப்படியே கோயிலையும் தாண்டிப் போனார்கள். தாண்டியதும் கோயில் அவர்கள் எதிரே வந்து நின்றது. மணியும் அடிக்கத் தொடங்கியது.

பின்டன் அரக்கப்பரக்க பூட்ஸை மாட்டினான். ஆனால் கோயில் வாசலுக்கு நாற்பது அடி நடக்க வேண்டுமே, தேயுமே! தம்பிகள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, கடைசி மணிக்குப் பலிபீடத்தின் முன் இறக்கினார்கள். மாமனார் பூட்ஸைக் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். மோதிரம் மாற்றியாயிற்று.

வெளியே வந்ததும் பின்டனின் கண் கலங்கியது. மறுபடி தூக்க முடியாதபடி தம்பிகளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. "கோயில் மறையிற வரைக்கும் பூட்ஸோட நடக்கணுமே!" என்றான் பின்டன்.

பிரிஜிட் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "கண்ணை மூடுங்க. இங்கேயே மறைஞ்சிடும்."

தம்பிகள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். இப்படியொரு அறிவாளி அண்ணி யாருக்குக் கிடைப்பாள்!

நால்வரும் கண்ணை இறுக மூடி, பூட்ஸைக் கையில் பிடித்து, ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். பொழுது சாயும்போது ஒரு கதவில் முட்டிக்கொண்டார்கள். திறந்தவர் பிரிஜிட்டின் அப்பா.

"உன்னை இப்பத்தானேடி கட்டிக் கொடுத்தேன்? இங்கே எதுக்கு வந்து நிக்கறே?" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

பிரிஜிட் கண்ணைத் திறக்கவில்லை. புருஷன் கையைச் செல்லமாக அழுத்தினாள்.

"உங்க வீடு எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சுங்க. இங்கே நாய்கூட எங்கப்பா மாதிரியே குரைக்குது."