கணப்பில் நாலு கட்டைகள்

கோத்தகிரிச் சரிவில் உமையாள் அம்மா இருந்தார். ஞானி என்று சொன்னால் அவருக்கே பிடிக்காது. அவருடைய மூத்த சீடர் சபாநடேசன் உண்மையிலேயே மூத்தவர். குருவைவிடப் பதினெட்டு வயது அதிகம். தேயிலை ஆலையில் முப்பது வருடம் பாய்லர் பார்த்தவர். தீயைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் வந்து நின்றார்.

"அம்மா, வீட்டுக் கணப்பு விறகைத் தின்னுது, சூடு தர மாட்டேங்குது."

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"புகைக்கூண்டைச் சுத்தம் பண்ணினேன். பின்சுவத்துல இரும்புத் தகடு வச்சேன். ஜன்னல் இடுக்குல எல்லாம் சாக்கு அடைச்சேன்."

"இன்னிக்கு என்ன அவசரம்?"

சபாநடேசன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அண்ணன் மாசிலாமணி எழுதியது. அப்பாவின் காரியத்தன்று வார்த்தை தடித்துப் பிரிந்து போனவர், பதினோரு வருடம் கழித்து இன்று வருகிறார். 'நெஞ்சுச் சளி. வீடு குளிராக இருந்தால் ஆறு மணி பஸ்ஸுக்கே திரும்பிவிடுவேன்' என்று எழுதியிருந்தார்.

"சின்ன வயசுல அந்தக் கணப்பு முன்னால ரெண்டு பேரும் ஒரே கம்பளிக்குள்ள உக்காந்திருப்போம்மா. உருளைக்கிழங்கு சுட்டுத் தின்போம். கூடமே கதகதன்னு இருக்கும்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நாட்களை நினைத்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

அம்மா கூடவே கிளம்பி வந்தார். கணப்பில் நாலு கட்டைகள் ஆளுக்கொரு மூலையில் புகைந்துகொண்டிருந்தன. காற்றோட்டத்துக்காக இடம் விட்டு வைத்திருப்பதாகச் சபாநடேசன் விளக்கினார்.

"கட்டையை அணைச்சு வையுங்க" என்றார் அம்மா.

ஏன் என்று சீடர் கேட்கவில்லை. ஏதோ உள்ளர்த்தம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கட்டைகள் மேல் ஊற்றினார். கூடம் முழுக்கப் புகையும் சாம்பலும் பறந்தன.

அம்மா இருமிக்கொண்டே சிரித்தார். "ஒண்ணோட ஒண்ணு அணைச்சு வைக்கச் சொன்னேன் ஐயா."

காய்ந்த கட்டைகளைத் தேடி எடுத்து, இந்த முறை ஒன்றையொன்று தொடும்படி வைத்து மூட்டினார்கள். ஒரு கட்டையின் சூட்டில் அடுத்தது பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கெல்லாம் சபாநடேசன் சால்வையைக் கழற்றிவிட்டார்.

மாசிலாமணி வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். வாசலோரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தம்பி நீட்டிய காபியை வாங்கிக் குடித்தார். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தரைக்கு எழுந்து பையைத் தோளில் மாட்டினார்.

சபாநடேசன் சமையலறைக்கு ஓடினார். அங்கே அம்மா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"வீடு சூடாத்தான்மா இருக்கு. ஆனாலும் அண்ணன் கிளம்புறாரு. இந்தப் பதினோரு வருஷக் கோபத்தை எப்படிம்மா அணைக்கிறது?"

"அணைச்சுத்தான்" என்றார் அம்மா.