வெள்ளாம்பாளையம் முட்டைச் சங்கம் சாஃப்ட்வேர் ஏற்றிய கதை

வெள்ளாம்பாளையம் முட்டை உற்பத்தியாளர் சங்கத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியத்தை அந்த ஆட்கள் எனக்கு வைக்கவில்லை. சங்கத்துக்கு ஒயரிங் செய்தவன் நான். கம்ப்யூட்டர் வந்த அன்று பூஜை போட்டு ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள். அதற்குக் கரண்டு கொடுத்தவனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அது வேறு விஷயம்.

சங்கத்தில் ஒன்பது ஷெட், நாலாயிரம் கோழி. கோழிகளை வளர்ப்பது முப்பத்தாறு பெண்கள். அவர்களில் ஒருத்தியான துளசிமணிதான் செயலாளர். மாவட்டச் சத்துணவு ஆபீசுக்குப் பதினோரு தடவை பஸ் ஏறிப் போய், நாற்பத்திரண்டு பள்ளிக்கூடங்களுக்குச் சத்துணவு முட்டை கொடுக்கும் ஆர்டரை வாங்கி வந்தவள் அவள். ஆனால் அந்த ஆபீசில் இரண்டு நிபந்தனை போட்டார்கள். திங்கட்கிழமை எத்தனை முட்டை வரும் என்று கம்ப்யூட்டர் மூலம் கணித்து, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தாள் அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முட்டை லாரி ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். ஒன்று தவறினாலும் ஆர்டர் பூச்சிக்காட்டுச் சங்கத்துக்குப் போய்விடும். முப்பத்தாறு பெண்களிடமும் "நான் பொறுப்புங்க" என்று துளசிமணி சொல்லியிருந்தாள்.

அதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து பொற்கொடி என்ற இஞ்சினியர் அம்மா புதன்கிழமை வந்தார். நல்ல மாதிரி. எனக்கும் ஒரு டீ சொன்னார்.

"உங்க முட்டைக் கணக்கு மொத்தமும் டேட்டாபேஸ்ங்கற பெட்டகத்துக்குள்ள இருக்குது. அதை வெளியே எடுத்துக் கணக்குப் போட்டா நேரமாகும், தப்பும் வரும். இந்த சாஃப்ட்வேர் பெட்டகத்துக்குள்ளேயே போய் உக்காந்து, உள்ளேயே கணக்குப் போட்டு, விடையை மட்டும் சொல்லும். எப்படி ஏத்தறதுன்னு இந்தத் தாள்ல பன்னெண்டு வரி எழுதியிருக்கேன். அப்படியே செய்யுங்க. சொந்தமா எதுவும் யோசிக்க வேண்டாம்" என்றார்.

கடைசியாகச் சொன்னதைப் பற்றி அந்த அம்மா கவலைப்பட்டிருக்கவே வேண்டியதில்லை.

முதல் வரியைத் தலைவர் சென்னியப்பன் வாசித்தார். என்னிடம் ஏணி வாங்கிப்போய் ஆறு வருஷம் ஆகிறது, அந்தச் சென்னியப்பன். "ஏற்றுவதற்கு முன்னால், இருப்பதை ஒரு நகல் எடுத்து வேறு கட்டடத்தில் பத்திரமாக வைக்கவும்."

உபதலைவர் நாச்சிமுத்து உடனே எழுந்தார். என் மகள் கல்யாணத்தில் மூன்று பந்தி உட்கார்ந்துவிட்டு, ரசம் சப்பென்று இருந்ததாக ஊரெல்லாம் சொன்னவர் இவர்.

"நகல்னா போட்டோ எடுக்கறதுதானுங்களே. அதுக்கு ஸ்டூடியோவுக்குத்தான் போகோணும். செல்போன்ல எடுத்தா ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க."

கம்ப்யூட்டரைக் கழற்றி மொபெட்டில் வைத்துக் கட்டி, டவுன் ஸ்டூடியோவுக்குக் கொண்டு போனார்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. முன்பக்கத்து போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, நாச்சிமுத்துவின் மாமனார் வீட்டில் மாட்டினார்கள். வேறு கட்டடம்தானே. மாமனார் பக்தியுள்ளவர். போட்டோ என்று வந்துவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. அதற்கு ஒரு மாலையும் போட்டு, சின்ன சிவப்பு பல்பும் எரியவிட்டார். அந்த வாரம் அவர் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றி, "எப்பங்க ஆச்சு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வரி: "ஏற்றி முடியும் வரை, சுமார் இரண்டு மணி நேரம், புதிய முட்டை எதுவும் கணக்கில் வரக்கூடாது."

இதற்கு அரை நாள் கூட்டம் நடந்தது.

"புது முட்டை வரக்கூடாதுன்னா, கோழி முட்டை வைக்கக்கூடாது" என்றார் சென்னியப்பன்.

துளசிமணி மெதுவாகச் சொன்னாள். "தலைவருங்க, கோழி பாட்டுக்கு வைக்கட்டும். நாம ரெண்டு மணி நேரம் கழிச்சு எழுதிக்கலாமுங்க."

"அம்மிணி, அது பொய்க் கணக்கு. பத்து மணிக்கு வந்த முட்டையைப் பன்னெண்டு மணிக்கு வந்ததுன்னு எழுதினா, முட்டைக்கே அது தெரியுமல்ல."

நாச்சிமுத்து யோசித்தார். "ராத்திரியில கோழி முட்டை வைக்கறதில்லீங்க. ராத்திரி ஆக்கிப்போட்டா என்ன?"

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது ஷெட்டுக்கும் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். விளக்கை அணைக்க என்னைக் கூப்பிட்டார்கள். அணைக்கிற வேலைக்கு மட்டும் என் ஞாபகம் வரும். கோழிகள் கொஞ்ச நேரம் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தன. பிறகு இருட்டிலேயே முட்டை வைக்க ஆரம்பித்தன. எத்தனை வைக்கின்றன என்று பார்க்க நாச்சிமுத்து உள்ளே நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம். மூன்றாவது ஷெட்டை விட்டு வெளியே வந்தபோது முழங்கால் வரை மஞ்சளாக இருந்தார்.

"இருபத்தேழுங்க" என்றார்.

"வந்ததா?" என்றார் சென்னியப்பன்.

"வந்துச்சுங்க. ஆனா இப்ப இல்லீங்க."

"அப்பச் சரி" என்றார் தலைவர்.

இந்தப் பக்கம் சங்கத்து ஆபீஸ் அறையில் பொருளாளர் காளியண்ணனை அட்மினாக நியமித்தார்கள். சாஃப்ட்வேருக்கு அட்மின் ஒருவர்தான் இருக்க வேண்டும், பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும், அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று தாளில் இருந்தது. காளியண்ணன் ரகசியம் காப்பதில் பெயர் பெற்றவர். என் தம்பி நிலத்தை விற்றது அவருக்கு ஒரு வருஷம் முன்பே தெரியும். பக்கத்து வீட்டில் இருந்த எனக்குச் சொல்லவில்லை.

அவர் பாஸ்வேர்டை ஒருமுறை அடித்துப் பதிவு செய்தார். பத்து நிமிஷம் கழித்துக் கம்ப்யூட்டர் திரும்பவும் பாஸ்வேர்டு கேட்டது. காளியண்ணன் கையைக் கட்டிக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன்."

"கேக்கறது கம்ப்யூட்டர்தான் மாப்ள" என்றார் நாச்சிமுத்து.

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்குது மச்சான். கம்ப்யூட்டரைத் தவிரன்னு போடலையே."

"அது சரி."

"என்னைச் சோதிக்கறதுக்குத்தான் கேக்குது. ஒருதரம் சொன்னா நாளைக்கும் கேக்கும்."

மணி பதினொன்றரை. துளசிமணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் அவள்தான் வழி கண்டுபிடித்தாள். "அண்ணா, அதுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. நீங்கதான பத்து நிமிசத்துக்கு முன்னாடி சொன்னீங்க. தெரிஞ்சவங்ககிட்டச் சொல்றது சொன்னதாகுமா?"

காளியண்ணன் அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். ஆகாது என்று ஒத்துக்கொண்டு அடித்தார். ஆனாலும் எல்லாரையும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்க வைத்தார். சுவரில் இருந்த காலண்டரில் ஒரு அம்மன் படம். அதையும் திருப்பி மாட்டினார்.

சாஃப்ட்வேர் ஏறியது. ஏறியது என்று பச்சையாக எழுத்து வந்ததை நானே பார்த்தேன். இனி உரிமை கொடுப்பது ஒன்றுதான் பாக்கி. "ஒவ்வொருவருக்கும் தேவையான அளவு மட்டும் உரிமை கொடுக்கவும். அதற்கு மேல் கொடுக்க வேண்டாம்" என்று இருந்தது. சாஃப்ட்வேருக்கு என்ன உரிமை கொடுப்பது என்று கம்ப்யூட்டர் கேட்டது. முட்டைக் கணக்கைப் பார்க்கலாமா, கூடாதா?

மறுபடியும் கூட்டம்.

"அதுக்கு என்னப்பா தேவை?" என்றார் சென்னியப்பன். "சோறா, தண்ணியா?"

"ஒண்ணும் தேவையில்லீங்க" என்றார் காளியண்ணன். "உள்ள உக்காந்து கணக்குப் போடப்போகுது. அவ்வளவுதான்."

"முட்டைக் கணக்கைப் பாக்க விடலாமா?"

"நேத்து வந்தது அது. நம்ம சங்கத்துல மெம்பரும் இல்லை. பூச்சிக்காட்டுக்காரனுக்குச் சொல்லிட்டா? உள்ள போக விடுவோம், உக்கார விடுவோம். பாக்க விட வேண்டாம்."

துளசிமணி அப்போது அங்கே இல்லை. தார்ப்பாயைக் கழற்றி, கோழிகளுக்குப் பொழுதை விடிய வைக்கப் போயிருந்தாள். இருந்த எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியது. போன தடவை நான் ஒரு யோசனை சொன்னபோது, "ஒயர்க்காரருக்கு ஒயரைப் பத்தித் தெரிஞ்சாப் போதும்" என்று சென்னியப்பன் சொன்னது ஞாபகம் வந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

மாலை நாலேமுக்காலுக்குக் காளியண்ணன் பொத்தானைத் தட்டினார். முட்டைக் கணக்கைப் பார்க்க அனுமதியில்லாத சாஃப்ட்வேர், தனக்குத் தெரிந்ததை வைத்து நாணயமாகக் கணக்குப் போட்டது. திங்கட்கிழமை வரும் முட்டை: 0.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"ரவுண்டா வந்திருக்குது" என்றார் நாச்சிமுத்து.

துளசிமணி வந்து சேர்வதற்குள் தாளில் சீல் குத்தி ஆபீசுக்கு ஃபேக்ஸில் அனுப்பிவிட்டார்கள். ஐந்தேகாலுக்கு அங்கிருந்து போன் வந்தது. "ஏம்மா, தாள் நேரத்துக்கு வந்துருச்சு. ஆனா சைபர்னு இருக்கே?"

துளசிமணி அசரவில்லை. "திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு லாரி வந்து நிக்குமுங்க சார். நிக்கலைன்னா பூச்சிக்காட்டுக்கே குடுத்துருங்க."

"சரி. ஒம்பது அஞ்சுக்கு வந்தாலும் வாங்க மாட்டேன்" என்றார் அவர்.

சனிக்கிழமை காலை அவள் பொற்கொடி அம்மாவைப் போனில் பிடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "ரெண்டு நிமிச வேலைங்க. பாக்கற உரிமையைக் குடுத்தாச் சரியாயிரும். போனை அட்மின்கிட்டக் குடுங்க."

காளியண்ணன் போனை வாங்கி, காதில் வைக்காமல் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "பதினோராவது வரி. போனில் யார் கேட்டாலும், நாங்களே கேட்டாலும், உரிமை கொடுக்க வேண்டாம். கீழே கையெழுத்து, பொற்கொடி."

"நான்தாங்க பொற்கொடி. நான்தான் எழுதினேன்."

"அப்ப உங்களுக்கே தெரியுமல்லங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமைதான் நேரில் வர முடியும் என்று அந்த அம்மா சொன்னார். துளசிமணிக்கு வேண்டியது திங்கட்கிழமை.

திங்கட்கிழமை விடிந்தது. கோழிகளுக்கு யாரும் விடையைச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஏழு மணிக்கு மூவாயிரத்து இருநூற்றி ஆறு முட்டை அட்டையில் அடுக்கி வாசலுக்கு வந்துவிட்டது. லாரியும் வந்துவிட்டது. முட்டையைத் தூக்கப்போன ஆட்களைச் சென்னியப்பன் கை நீட்டித் தடுத்தார்.

"இது யாரோட முட்டை?"

"நம்ம முட்டைதானுங்க" என்றாள் துளசிமணி.

"நம்ம முட்டை இன்னைக்கு சைபர், அம்மிணி. தாள்ல சீல் குத்தி அனுப்பியிருக்கோம். அப்ப இது வேற யாரோடதோ. அடுத்தவன் பொருளை நம்ம லாரியில ஏத்தினா அதுக்குப் பேரு என்ன?"

"திருட்டுங்க" என்றார் நாச்சிமுத்து.

அந்த ஆட்களிடம் நான் ஆயிரம் குறை சொல்வேன். ஆனால் அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்பட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். என் ஏணியைத் தவிர.

அட்டைகளை ஓரமாக வைத்தார்கள். மேஜை போட்டு, புது நோட்டு ஒன்றைப் பிரித்து, 'கண்டெடுக்கப்பட்ட பொருள்கள்' என்று காளியண்ணன் தலைப்பு எழுதினார். கேட்டில் போர்டு மாட்டினார்கள்: 'முட்டைகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்.'

ஏழு இருபது. டிரைவர் இறங்கி பீடி பற்ற வைத்தார். முப்பத்தாறு பெண்களும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். "தலைவருக்குச் சுத்தமாக் கழண்டு போச்சு" என்று ஒருத்தி சொன்னாள். "போன எலெக்சன்லயே சொன்னனில்ல" என்றாள் இன்னொருத்தி. துளசிமணி அழவில்லை, சண்டையும் போடவில்லை. போர்டை ஒருமுறை முழுக்கப் படித்தாள். கேட்டுக்கு வெளியே போனாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு, வெளியூர்க்காரி மாதிரித் திரும்ப உள்ளே வந்தாள்.

"ஏனுங்க, இங்க ஏதோ முட்டை கிடைச்சுதாமே. என்னுதைக் காணோமுங்க."

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உக்காருங்க. அடையாளம் சொல்லோணும். என்ன நிறம்?"

"வெள்ளைங்க."

காளியண்ணன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "வெள்ளைதானுங்க."

"என்ன வடிவம்?"

"ஒரு பக்கம் கொஞ்சம் கூம்பி இருக்குமுங்க."

மறுபடியும் போய்ப் பார்த்தார். கூம்பித்தான் இருந்தது.

"எத்தனை?"

"மூவாயிரத்து இருநூத்தி ஆறு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளி ஆளுக்கு இந்த எண் தெரிய வழியே இல்லை.

"கடைசியா எங்க பாத்தீங்க?"

"கோழிக்கு அடியிலங்க."

"போதும்" என்றார் சென்னியப்பன். "இதுக்கு மேல கேட்டா நாம மனுசனில்லை. கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். நாச்சிமுத்துவே ஓடிப்போய் அட்டைகளைத் தூக்கி லாரியில் ஏற்றினார். புறப்படும்போது சென்னியப்பன் அவளைக் கூப்பிட்டு, "இத்தனை முட்டையை இப்படியா அம்மிணி தொலைக்கறது? இனிமேலாவது சூதானமா இரு" என்றார். "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

எட்டு ஐம்பத்தாறுக்கு லாரி ஆபீஸ் வாசலில் நின்றது. முட்டையை எண்ணி வாங்கிக்கொண்டு, வருஷம் முழுவதுக்கும் ஆர்டரைக் கையில் கொடுத்தார்கள். துளசிமணி திரும்பி வந்தபோது பெண்கள் கேட்டிலேயே பட்டாசு வெடித்தார்கள்.

சங்கத்துக்குள் அப்போது அவசரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஊர்பேர் தெரியாத ஒரு அம்மாவின் கோழிகளே மூவாயிரத்துச் சொச்சம் முட்டை வைத்திருக்க, நம் கோழிகள் நாலாயிரமும் சைபர் வைத்தது ஏன் என்று பேசினார்கள். கோழி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவதென்று தீர்மானம் நிறைவேறியது. நாலாயிரம் நோட்டீசை அச்சடித்து, ஒவ்வொரு கோழியிடமும் நாச்சிமுத்துவே நேரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பதில் எழுதப் பதினைந்து நாள் அவகாசம்.

இன்றோடு பத்து நாள் ஆகிறது. இதுவரை ஒரு கோழியும் பதில் எழுதவில்லை. நாலாவது ஷெட்டில் ஒரு கோழி மட்டும் நோட்டீசின் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு முட்டை வைத்தது. அது பதிலா, கண்டெடுக்கப்பட்ட பொருளா என்று தெரியாமல், முட்டைக்கு மேல் சங்கத்துச் சீலைக் குத்தி, மேற்கொண்டு நடவடிக்கைக்காகத் துளசிமணியின் மேஜையில் வைத்திருக்கிறார்கள்.