திரையில் நின்ற முகம்

“டீச்சர், இந்த லேப்டாப்புல என் தம்பி இருக்கான்.”

சொன்னவர் சூசைராயன். தூத்துக்குடியில் ஜெசிந்தா நடத்தும் லினக்ஸ் கணினி வகுப்பில் அவளைவிட வயதில் மூத்த மாணவர். தம்பி மிக்கேலை அடக்கம் செய்த நாளிலிருந்து வகுப்புக்கு வரவில்லை.

“திறங்கண்ணே.”

சூசைராயன் தம்பியின் லேப்டாப் மூடியைத் திறந்தார்.

திரை நடுங்கியது. பச்சைக் கோடுகள் ஓடின. கோடுகளுக்கு நடுவே ஒரு காது. பாதிக் கன்னம். ஒரு கண்.

அது நேராகப் பார்த்தது.

உடனே மறைந்து, கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்தது.

ஜெசிந்தா திரையருகே குனிந்தாள்.

“பேய் இல்லண்ணே. திரைக்குன்னு தனியா ஒரு நினைவகம் இருக்கு. பழைய படம் அதுல அழியாம கிடக்கு.”

“தெரியும். நீங்க சொல்லிக்கொடுத்ததுதான். இந்தக் கோட்ட மட்டும் எடுத்துடுங்க. அவன் முகம் முழுசாத் தெரியணும்.”

“திரைய இயக்குற டிரைவர் மென்பொருள மாத்தணும். மாத்தினா ஒருதடவ அணைச்சுப் போடணும்.”

“அணைச்சா?”

“முகம் போயிடும்.”

சூசைராயன் லேப்டாப்பை மார்போடு இழுத்துக்கொண்டார்.

“அவன் மூடி வச்சதுலேருந்து இத நான் அணைக்கவே இல்ல. கரண்ட் போனா சார்ஜ் போட பக்கத்துத் தெருவுக்குத் தூக்கிட்டு ஓடுறேன். வேலைக்குக்கூடப் போறதில்ல.”

“கடைசியா மூடும்போது என்ன செஞ்சிட்டு இருந்தாரு?”

“எங்கிட்டதான் வீடியோவுல பேசினான். சிரிச்சுக்கிட்டே மூடினான். காலையில எழும்பல.”

ஜெசிந்தா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அது தம்பி முகம்தானா?”

“எனக்குத் தெரியாதா? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை. அம்மாவே மாத்திக் கூப்பிடுவா.”

அவள் தன் போனை எடுத்து, எதிரில் இருந்தவரையே வீடியோவில் அழைத்தாள். அவர் குழப்பத்தோடு எடுத்தார்.

“உங்க போன்ல பெருசா யாரு தெரியிறா?”

“நீங்க.”

தன் போனை அவர் பக்கம் திருப்பினாள்.

அதில் அவர் முகம். அதே ஒரு காது. ஒரு கன்னம். ஒரு கண். கோடுகள் மட்டும் இல்லை.

சூசைராயன் வெகுநேரம் அதையே பார்த்தார்.

“அப்போ இத்தன நாளா லேப்டாப்புல இருந்தது நானா?”

“ஆமாண்ணே.”

“தம்பி?”

“அவரு திரைக்கு இந்தப் பக்கம், உங்களப் பாத்துக்கிட்டு இருந்தாரு. இப்ப நீங்க உக்காந்திருக்கிற இடத்துல.”

சூசைராயன் பெஞ்சில் மெல்ல நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டார்.

பிறகு கையை நீட்டி, லேப்டாப்பை அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தார்.