பதினோரு பட்டமும் ஒரு சொட்டுச் சேதியும்

ஒரு ஊர்ல... ஊருன்னா பெரிய ஊரு இல்லடி வெண்பா, ஒரு வீட்டுக் கொல்லையில துவைக்கிற கல்லுக்கு அடியில ஓர் எறும்புப் புத்து. அதுக்கு ஒரு தலைவரு, கொடுக்கப்பன். ம் சொல்லு.

"ம்."

எறும்புக்குப் பேச்சு ஏது? வாசனைதான். வாசல்ல ஒரு சொட்டு விட்டா அது மெதுவா மெதுவா உள்ள போகும், கீழ இருக்கறவங்க மோந்து பாத்துப் புரிஞ்சுக்குவாங்க. கொடுக்கப்பன் நேரா விஷயத்துக்கு வந்தா கௌரவம் என்னாகுறது? முதல்ல தன்னோட பதினோரு பட்டத்தையும் பொளிச் பொளிச்னு விடுவாரு. அப்புறந்தான் சேதி. கல்யாண வீட்டுல உங்க பெரியப்பா மைக்கைப் புடிச்ச கதைதான்.

அப்போ ஒருநாள் வெல்லம் விழுந்துச்சு. பட்டத்தோட வாசனையும் வெல்லச் சேதியும் ஒண்ணாக் கலந்து, கீழ போய்ச் சேந்தது என்னமோ 'மாடியில வத்தல்'. ஏறிப் போனா மிளகா வத்தல்! அச்சு அச்சுன்னு தும்மிக்கிட்டே வந்தாங்க.

அப்புறம் ஒரு செத்த வண்டு. "அவங்களுக்கு மூக்கு மந்தம், ரெண்டு மடங்கா விடறேன்"னாரு. எவ்ளோ பெரிய மூளை! புத்து பூரா நெடி. ஆளுக்கு ஆள் முட்டிக்கிட்டு டமார் டமார். வண்டு காக்காய்க்குப் போச்சு.

முட்டையப் பாத்துக்குற பொடிச்சி மேல வந்தா. "ஐயா, பழைய வாசன அடங்குறதுக்குள்ள புதுசு விட்டா ரெண்டும் கலந்துடுது. அனுப்புறது நீங்கதான்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதையே சொன்னா அது சேதியா?"

"எனக்கே பாடமா? ஓரமா நில்லு!"

தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்போ சலசலன்னு சத்தம். துணி அலசின தண்ணி, ஒரு அண்டா! கீழ நாப்பது முட்டை. கொடுக்கப்பன் நிதானமா முதல் பட்டத்தை விட்டாரு. நறுக்! பொடிச்சி அவரு பின்னாடி ஒரு கடி கடிச்சா. அவரு உருண்டாரு. உடனே இவ சொட்டு விட்டாளா? இல்ல. அந்தப் பட்டம் அடங்கணுமே! தண்ணி வருது, இவ நிக்கிறா. பாவம், உயிரே போயிருக்கும் அவளுக்கு. அடங்குச்சு. ஒரே ஒரு சொட்டு: 'தண்ணி'. கொஞ்சம் நின்னு அதே சொட்டு மறுபடி. கீழ அத்தனை பேரும் முட்டையைத் தூக்கிக்கிட்டுப் பின்வழியா சரசரன்னு ஓடினாங்க.

மேட்டுல வெச்சு எண்ணினா முப்பத்தொம்போது. அந்த ஒரு பட்டம் அடங்குற நேரத்துலதாண்டி அந்த ஒரு முட்டை போச்சு.

கொடுக்கப்பன் ஈரம் சொட்டச் சொட்ட வந்தாரு. வந்ததும் பன்னெண்டாவது பட்டம் சேத்துக்கிட்டாரு: 'முட்டை காத்த மகான்'. பொடிச்சி போன முட்டைக்காக அழுதா. எல்லாரும் அவளைச் சுத்தி வந்து நின்னாங்க. மகானை மோந்து பாக்க ஓர் எறும்பு இல்ல.

அவ்ளோதான் கதை. ம் சொன்னது போதும், கண்ணை மூடு.